டோலி தூக்கியவர்களும் லாரி ஓட்டியவர்களும்

லாரியில் மூன்று இடம் உண்டு. டிரைவர் சீட்டு ஒன்று. அதற்கு இடது பக்கம் கிளீனர் உட்காருகிற இடம். பின்னால் லோடுக்கு மேலே, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு லோடுமேன்கள் குந்தியிருக்கிற இடம். லாரியைப் பார்க்காத ஆள் கிடையாது. ஆனால் இந்த மூன்று இடத்தில் எந்தச் சாதிக்காரன் எங்கே உட்கார்ந்து போகிறான் என்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? நான் மூன்றிலும் உட்கார்ந்தவன். 1979ல் வத்தலக்குண்டில் லோடு ஏற்றப் போனேன். பின்னாலிருந்து கிளீனர் இடத்துக்கு வர இரண்டு வருஷம் ஆனது. கிளீனர் இடத்திலிருந்து மூன்றடி தள்ளியிருக்கிற டிரைவர் சீட்டுக்கு வர ஒன்பது வருஷம் ஆனது.

அந்த மூன்றடிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. என் கதையை மட்டும் சொன்னால் ‘இவன் ஒருத்தனுக்கு நடந்தது’ என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் மலையிலிருந்து தொடங்குகிறேன்.

கொடைக்கானல் பற்றிய புத்தகம் எதை எடுத்தாலும் வெள்ளைக்காரர் பெயர்களாக வரும். மதுரைச் சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845ல் மேலே வந்து இரண்டு பங்களா கட்டினார்கள். சன்னிசைடு ஒன்று, ஷெல்டன் ஒன்று. 1863ல் கலெக்டர் லெவிஞ்ச் ஏரி கட்டினார். 1899ல் சூரிய ஆய்வுக்கூடம். 1901ல் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். எல்லாம் சரி. ஏழாயிரம் அடி உயரத்துக்கு இவர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்?

1875ல் திருச்சி மதுரை ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள். இப்போது கொடைக்கானல் ரோடு என்கிறோமே, அந்த ஸ்டேஷன். அங்கிருந்து ராத்திரி முழுக்க மாட்டு வண்டி. விடியும்போது பெரியகுளம் பக்கத்தில் மலையடிவாரத்தில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு. வண்டி அதோடு சரி. அங்கிருந்து மேலே பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. துரை குதிரையில் போகலாம். துரைசாணியும் பிள்ளைகளும் நோயாளிகளும் டோலியிலோ, மூங்கில் கட்டிய நாற்காலியிலோ உட்காருவார்கள். ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து மேலே ஏற்றுவார்கள். பெட்டி, கட்டில், பாத்திரம், கண்ணாடிச் சாமான் எல்லாம் தலையிலும் தோளிலும் மாட்டு முதுகிலும் போனது. அந்தப் பாதைக்கே வெள்ளைக்காரர்கள் ‘கூலி காட்’ என்று பெயர் வைத்தார்கள். ஏரிக்கு லெவிஞ்ச் பெயர் உண்டு. எழுபது வருஷம் மனுசனை மனுசன் தூக்கிய பாதைக்குக் கூலி என்கிற பொதுப்பெயர்தான்.

1909ல் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து எவர்ஷெட் என்கிற விஞ்ஞானி சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதைக் கண்டுபிடித்தார். உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. பெரிய காரியம்தான், நான் மறுக்கவில்லை. மலைக்கு மோட்டார் ரோடு வந்தது 1916வாக்கில். அதற்கு முன்னாலேயே அந்தக் கருவிகள் மேலே இருந்தன என்றால் அவை யார் தோளில் ஏறின என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

என் பூட்டன் டோலி தூக்கியவர். எங்கள் தெருவில் இன்னும் நாலைந்து குடும்பத்தில் இதைச் சொல்வார்கள். அவர் தோளில் எருதுக்கு நுகத்தடி பட்ட இடம் மாதிரி காய்ப்பு இருந்தது என்று தாத்தா சொல்லுவார். சின்ன வயசில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாராம். “மலைக்கு மேல நம்ம ஆளுகளும் இருந்தாக. அவுகளும் சொமைதான்” என்பார். அவர் சொன்னது புலையர்களை. பழனி மலையில் குன்னுவர்களின் நிலத்தில் புலையர்கள் ஏறக்குறைய அடிமைகளாகக் கிடந்ததை அந்தக் கால வெள்ளை அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். அடிவாரத்துச் சேரிக்காரன் மேலே ஏறினாலும் அங்கேயும் ஒரு சேரி இருந்தது.

தாத்தா டோலி தூக்கவில்லை. அவர் ரோட்டு வேலைக்குப் போனவர். லா என்கிற ராணுவ அதிகாரியின் பெயரில் லாஸ் காட் என்கிற ரோடு. அதற்குப் பதினாறு பதினேழு வயசில் ஜல்லி உடைத்திருக்கிறார். ரோடு முடிந்தது. கார் ஏறியது. டோலி தூக்கினவனுக்கு அந்த வேலை போனது, ஜல்லி உடைத்தவனுக்கு இந்த வேலை போனது. ஒரு நாள் கேட்டேன்: “நீங்க போட்ட ரோட்டுல நீங்களே ஏன் தாத்தா வண்டி ஓட்டல?” சிரித்தார். “ஓட்டுறதுக்கு மொதல்ல வண்டிகிட்ட போகணும்லடா” என்றார்.

அதுதான் விஷயம். ஓட்டக் கற்றுக்கொள்வது என்றால் வண்டி நிற்கிற இடத்தில் நாள் முழுக்கக் கிடக்க வேண்டும். துடைக்க வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார வேண்டும். வண்டி நின்றது ஊர்த்தெருவில், முதலாளி வீட்டு வாசலில். நாங்கள் அந்த வாசலில் நிற்க முடியுமா? வெள்ளைக்காரன் பங்களா கொஞ்சம் வேறு. பட்லராகவும் சமையல்காரராகவும் குதிரைக்காரராகவும் எங்கள் ஆட்களை அவன் உள்ளே விட்டான். பங்களாவில் குதிரை பார்த்தவன் மகன் கார் துடைத்தான், துடைத்தவன் மகன் ஓட்டினான் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. வெள்ளைக்காரனைப் புகழ இதைச் சொல்லவில்லை. அவனுக்குத் தேவை இருந்தது, விட்டான்.

வண்டி ஓட்டுவதற்கும் தீண்டாமைக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் அம்பேத்கர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய குறிப்புகளைப் படிக்க வேண்டும். 1901ல் சிறுவன் பீமராவ் அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் போகிறான். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு வண்டிக்காரனும் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறான். கடைசியில் ஒருவன் இரட்டை வாடகைக்கு ஒத்துக்கொள்கிறான். ஒரு நிபந்தனையோடு. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் பக்கத்தில் நடந்து வருவான். இரட்டைக் காசும் வாங்கிக்கொண்டு, தீட்டும் படாமல்!

1929ல் அவர் படித்துப் பட்டம் வாங்கி, அரசாங்கக் கமிட்டி உறுப்பினராகச் சாலிஸ்காவ் போகிறார். மறுபடியும் அதே கதை. தீண்டத்தகாதவனை உட்காரவைத்து ஓட்டுவது தனக்குக் கௌரவக் குறைவு என்று குதிரை வண்டிக்காரன் சொல்லிவிட்டான். வண்டியைத் தருவேன், நான் ஓட்ட மாட்டேன் என்றான். மகார் மக்கள் தங்களில் ஒருவரை ஓட்டச் சொன்னார்கள். அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கம் கிடையாது. பாலத்தில் வண்டி மோதியது, அம்பேத்கர் தூக்கி வீசப்பட்டு அடிபட்டார். ஒரு டிரைவராக இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெயர் தெரியாத மகார் மேல்தான் நினைப்பு ஓடியது. பழக விடாமல் வைத்திருந்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று லகானைக் கையில் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? பிறகு “இவனுகளுக்கு ஓட்டத் தெரியாது” என்பார்கள்.

நம் பக்கம் பஸ் வந்தபோதும் இதே வழக்குதான். 1924ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தால் பொது ரோடும் கிணறும் எல்லாருக்கும் பொது என்று ஆனது. காகிதத்தில் ஆனது. பஸ் முதலாளிகள் எங்களை ஏற்ற மறுத்தார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சௌந்தரபாண்டியனார், தாழ்த்தப்பட்டவரை ஏற்ற மறுக்கிற பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். சுயமரியாதைக்காரர். 1929ல் செங்கல்பட்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். சென்னை பாண்டி பஜார் அவர் பெயரில் இருப்பது. அவர் ஊர் எது தெரியுமா? பட்டிவீரன்பட்டி. எங்கள் மலையின் அடிவாரம். உத்தரவு போட்டவர் எங்கள் அடிவாரத்துக்காரர் என்பதில் எனக்குச் சந்தோசம் உண்டு. ஆனாலும் அந்த உத்தரவு பஸ்ஸில் உட்காரத்தான் இடம் வாங்கிக் கொடுத்தது. எந்த சீட்டில் என்பது தனிக் கேள்வி.

1972ல் பெரிய தனியார் பஸ் கம்பெனிகளை அரசாங்கம் எடுத்தது. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. அரசாங்க வேலை என்றானதால் இடஒதுக்கீடு வந்தது. எங்கள் ஆட்கள் காக்கிச் சட்டை போட்டு பஸ் ஓட்டியதற்கு அது ஒன்றுதான் காரணம். வேறு யாருடைய நல்ல மனசும் இல்லை. லாரிக்கு அது வரவில்லை. லாரி கடைசி வரை முதலாளி சொத்து.

இப்போது என் கதை. ஆதிதிராவிடர் நலப்பள்ளியில் எட்டாவது தேறினேன். (கனரக வண்டி லைசென்சுக்கு எட்டாவது வேண்டும் என்று பிற்பாடு ஒரு விதி வந்து 2019ல் போனது. 1979ல் என் எட்டாவதை எவனும் கேட்கவில்லை, முதுகைத்தான் பார்த்தான்.) பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கமிருந்து மலை வாழைத்தாரும் காப்பியும், பூம்பாறை, மன்னவனூர் பக்கமிருந்து உருளைக்கிழங்கும் பூண்டும், காட்டிலிருந்து வேட்டல் மரமும் யூகலிப்டஸ் மரமும் இறங்கும். மேலே சிமெண்ட்டும் அரிசியும் உரமும் ஏறும். ஏற்றினேன், இறக்கினேன். கிளீனர் ஆனேன். 1988ல் சின்ன வண்டி லைசென்ஸ். ஒரு வருஷம் அதை வைத்திருந்தால்தான் பெரிய வண்டிக்குப் பழகுநர் உரிமம் கொடுப்பார்கள், சட்டம் அப்படி. 1990ல் பெரிய வண்டி லைசென்ஸ் வந்தது. அந்த வருஷமே தென் மாவட்டம் முழுக்கக் கிளை வைத்திருந்த ஒரு பெரிய லாரிக் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம்.

புது டிரைவரைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். மூத்த டிரைவரோடு ரெண்டு மாசம் போக வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஒரு ராவுத்தர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே தன் தூக்குச்சட்டியைத் திறந்து பாதிச் சோற்றை என் பக்கம் தள்ளினார். அதுவே எனக்குப் பாதி வேலை கற்றுக்கொண்ட மாதிரி இருந்தது.

காட்ரோடு பிரிவில் வண்டியை ஓரங்கட்டி, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து, டயரைத் தட்டி, கயிற்றை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஏற விடுவார். “தம்பி, எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்லதான் எறங்கணும். டீசல் மிச்சம்னு எவனாச்சும் நியூட்ரல்ல விடச் சொன்னா, சாவியக் குடுத்துட்டு எறங்கிரு.” வளைவுக்கு முன்னாலேயே ரெண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும், வளைவுக்குள்ளே போய் கியரைத் தேடக்கூடாது. வண்டி திணறி நின்றால் கிளீனர் குதித்துப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். ஒன்பது வருஷம் நான் கட்டை போட்டவன். கட்டை ஒரு நொடி பிந்தினால் என்ன ஆகும் என்று டிரைவரைவிடக் கிளீனருக்குத்தான் நன்றாகத் தெரியும். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங் கருகுகிற நாற்றம் முதலில் வரும். அந்த நாற்றம் வந்தால் டம் டம் பாறையில் நிறுத்திவிட வேண்டும். காற்றில் ஆறட்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக்கூடாது, வெடித்துப் போகும். பெருமாள்மலைக்கு மேலே மேகம் இறங்கினால் முன்னால் ரோடே இருக்காது. ஜன்னலைத் திறந்துவைத்து எதிர் வண்டியைக் காதால் பார்க்க வேண்டும்.

சட்டப்படி மோட்டார் தொழிலாளிக்கு நாளைக்கு எட்டு மணி நேரம். 1961லேயே போட்ட சட்டம். நாங்கள் விடிய விடிய ஓட்டுவோம். இரண்டு வருஷத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று 1981ல் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. கம்பெனியில் 400 நாளைத் தாண்டும்போது ‘ஒரு மாசம் வீட்ல இரு’ என்பார்கள். இது எல்லா டிரைவருக்கும் நடந்தது. எனக்கு மட்டும் நடந்தது வேறு.

அந்த வருஷம் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அந்தந்த வண்டி டிரைவர் ஏறி உட்கார்ந்து பழத்தை நசுக்கி ஓரடி நகர்த்துவார். வரிசையாக வந்தார்கள். என் வண்டி முறை வந்ததும் மேனேஜர் என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். “சாவியக் குடுப்பா.” இன்னொரு டிரைவர் ஏறினார். பழம் நசுங்கியது. நான் இறங்கி நின்று பார்த்தேன். வருஷம் முழுக்க அந்த வண்டியை மலையில் ஏற்றி இறக்கலாம், ஓரடி சாமி பெயரில் நகர்த்தக்கூடாது. பாய் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று, “பொரியாச்சும் குடுப்பானுகளா பாரு” என்றார். பொரி கொடுத்தார்கள்.

இதைச் சொல்வது சுலபம், ஏனென்றால் இதில் குற்றவாளி வேறு ஆள். அடுத்ததைச் சொல்வதுதான் கஷ்டம்.

மேல் மலையில் ஒரு ஊர். அங்கே ஒரு டீக்கடை. லோடுமேனாகப் போன காலத்தில் எனக்கு அங்கே தனி டம்ளர். கூரையில் செருகி வைத்திருப்பார்கள், நாமே எடுத்து, குடித்து, கழுவிச் செருக வேண்டும். பத்து வருஷம் கழித்து டிரைவராகப் போய் இறங்கினேன். சட்டைப் பையில் பேனா, தோளில் துண்டு. கடைக்காரர் பெஞ்சைத் துடைத்து, “வாங்க டிரைவர்” என்று கண்ணாடி கிளாசில் கொடுத்தார். ஆளை அடையாளம் தெரியவில்லை. லாரி ஓட்டுகிறவனுக்குக் கிடைக்கிற பெரிய சம்பளம் இதுதான். நம்மைத் தெரியாத ஊர்கள். பேட்டாகூட அப்புறம்தான். நான் குடித்தேன். அப்போது லோடு மேலிருந்து என் சொந்த மச்சான் இறங்கி வந்தான். கூரைக்குப் போனான், டம்ளரை எடுத்தான், நீட்டினான். தூக்கி ஊற்றினார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் கிளாசைப் பார்த்தேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மூன்று மாசம், வாரத்துக்கு இரண்டு நடை, அதே கடையில் அப்படியே குடித்தோம். வழியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு ஒரு நாள் கடையில் நிறுத்தாமலே ஓட்டிவிட்டேன். மச்சான் பின்னாலிருந்து கூரையைத் தட்டினான், டீ வேண்டாமா என்று. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மறு நடையிலிருந்து வீட்டிலேயே கட்டங்காப்பி போட்டுத் தூக்கில் எடுத்துக்கொண்டு போனோம். இதைப் போராட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். போராடியிருக்க வேண்டும். அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடிக்கொண்டிருந்த வருஷம் அது, எங்கள் தெருவில் கொடி ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

என் தம்பி ஒதுக்கீட்டில் அரசு பஸ் டிரைவர் ஆனான். அவன் ஓட்டிய பஸ்ஸில் ராணி மங்கம்மாள் என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு கோட்டத்துக்கும் ஒரு தலைவர் பெயர். 1997ல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்த கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளைக்காரனோடு மோதி உயிர்விட்ட கவர்னகிரிக்காரர். பள்ளர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். பஸ்ஸை உடைத்தார்கள். பல ஊர்களில் கலவரம், உயிர்ப்பலி. ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். அவர்கள் வந்ததும் ஒரு பஸ்ஸில்தான். ஜூலையில் அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது. சுந்தரலிங்கம் பெயரை மட்டும் எடுக்கவில்லை, எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்தது. டெப்போவில் பெயிண்ட் டப்பாவோடு ஆள் வந்து ராணி மங்கம்மாளை அழித்ததைத் தம்பி வந்து சொன்னான். “ஒரு பள்ளன் பேரு எழுதுன வண்டில உக்காரக் கூடாதுன்னு, ராணி பேரையும் சேத்து அழிச்சுட்டாங்கண்ணே.” 1901ல் பிள்ளைகளை ஓட்டவிட்டுப் பக்கத்தில் நடந்து வந்த அந்த மசூர் வண்டிக்காரனை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மச்சான் பெரிய வண்டிக்கு எல்.எல்.ஆர். வாங்கினான். நான்தான் கற்றுக்கொடுத்தேன். கிளீனர் பக்கம் நான் உட்கார, அவன் காட்ரோட்டில் ஏற்றினான். பாய் எனக்குச் சொன்னதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். நாலைந்து வளைவு தாண்டி, ரோடு ஒடுங்குகிற இடத்தில் எதிரே ஒரு கார் இறங்கி வந்து மூக்குக்கு மூக்காக நின்றது. வெள்ளை வேட்டி ஒருவர் ஜன்னல் வழியே கையை ஆட்டினார், பின்னால் போ, பின்னால் போ என்று. மச்சானுக்கு வேர்த்துவிட்டது. ரிவர்ஸ் கியரைத் தேடினான்.

“மச்சான், எடுப்பமா பின்னாடி?”

“வேணாம். மலையில எறங்குற வண்டிதான் ஏறுற வண்டிக்கு வழி விடணும். 1989லயே விதி போட்டுருக்கான். ஹேண்ட் பிரேக்கப் போடு. ஹாரன் அடிக்காத, திட்டாத. சும்மா நில்லு.”

நின்றோம். அவர் ஹாரன் அடித்தார். இறங்கி வந்து பார்த்தார், வண்டி நம்பரைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார். பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி அந்தக் காரைப் பார்த்து என்னவோ சொன்னார். கடைசியில் கார் பின்னால் நகர்ந்தது. மச்சான் கிளட்ச்சை விடும்போது கால் நடுங்கியதால் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் பண்ணி, முதல் கியரில் எடுத்தான்.